ஆறாத உள்ளங்கால் புண்ணும் அதில் வாழும் பாக்டீரியாக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழுநோயாளிகளைப் பார்க்கும் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் பல வருடமாக வேலை செய்கிறேன். கட்டுப் போடும் அறையிலிருந்து வரும் ஸ்வாப்களை, அதாவது புண்ணில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்த மாதிரிகளை, வளர்த்து, அதில் என்ன பாக்டீரியா இருக்கிறது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று எழுதிக் கொடுப்பேன். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளியின் மகனோ மருமகளோ கேட்கும் கேள்விகளும், புராஜெக்ட் செய்ய வரும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தொழுநோயைத்தான் ஒழித்துவிட்டார்களே, இன்னுமா இருக்கிறது?

இருக்கிறது. 2005 டிசம்பரில் இந்தியா எட்டியது, பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அளவை. நோயே இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இன்றும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நம்முடையது.

புண்ணோடு எங்களிடம் வருபவர்களில் பலர் புது நோயாளிகள் இல்லை. கூட்டு மருந்துச் சிகிச்சையை எப்போதோ முடித்து, கிருமி போய்ப் பல வருடம் ஆனவர்கள். கிருமி போனாலும் அது கெடுத்த நரம்பு திரும்பி வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் தொழுநோய் இருக்கிறது. நோய் முடிந்தபின் மிஞ்சும் புண்ணுக்கு அந்தக் கவனம்கூடப் போதுமான அளவு கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இந்தப் புண்ணை உண்டாக்குவது தொழுநோய்க் கிருமிதானா?

நேரடியாக இல்லை. இது ஒன்று புரிந்தால் கீழே உள்ள பதில்களில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். தோலிலும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளிலும் அது குடியேறும். உள்கணுக்காலுக்குப் பின்னால் இறங்கும் நரம்பு கெட்டால் உள்ளங்கால் முழுக்க மரத்துப்போகும். அதே நரம்பு வியர்வையையும் கவனித்துக்கொண்டிருந்தது. வியர்வை நின்றதும் தோல் வறண்டு, கோடைக் குளத்து மண் போல வெடிக்கிறது. பாதத்தின் சின்னத் தசைகள் வலுவிழந்து விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அதனால் விரல்களின் அடிப்பகுதியில் உள்ள எலும்பு முனைகளில் உடம்பின் பாரம் கூடுதலாக இறங்குகிறது. அங்கே தோல் காய்த்துத் தடிக்கிறது. தடித்த காய்ப்பே செருப்புக்குள் மாட்டிய கூழாங்கல் போல உள்ளே அழுத்தி, அடியில் ரத்தம் கட்டிக் கொப்புளமாகி, ஒருநாள் உடைகிறது.

உங்களுக்கோ எனக்கோ கொப்புளம் வந்தால் அடுத்த அடியை நொண்டித்தான் வைப்போம். அந்த நொண்டல்தான் கால் ஆறக் கிடைக்கும் ஓய்வு. உணர்வில்லாத கால் நொண்டுவதில்லை. ஒரு பெரியவர் பேருந்தில் இருந்து இறங்கி, எங்கள் வாசல் வரை அரைக் கிலோமீட்டர் நடந்து வந்தார். கட்டு மாற்றச் செருப்பைக் கழற்றச் சொன்னால் செருப்பு கழலவில்லை. அடியில் ஏறிய ஆணி ரப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் ஒரு விரற்கடை போயிருந்தது. "ஏதோ இறுக்கமா இருக்குன்னு நினைச்சேம்மா" என்றார்.

புண்ணின் சீழ் பட்டால் தொழுநோய் தொற்றுமா?

சிகிச்சை முடித்தவரின் உள்ளங்கால் புண்ணிலிருந்து தொற்றாது. அதில் தொழுநோய்க் கிருமியே இருப்பதில்லை. சிகிச்சை எடுக்காத ஒருவரோடு நீண்ட நாள் நெருங்கி வாழும்போது, முக்கியமாக மூக்கிலிருந்து வரும் துளிகள் வழியாகத்தான் இது பரவுகிறது. மருந்து தொடங்கிவிட்டால் பரப்பும் தன்மை வெகு சீக்கிரம் போய்விடும். கிருமி நிறைந்த கட்டிகள் உடைந்து வரும் புண்கள் சிகிச்சை எடுக்காதவர்களிடம் அரிதாக உண்டு. அவற்றில் தொழுநோய்க் கிருமி இருக்கலாம். அவை பெரும்பாலும் உள்ளங்கால் அழுத்தப் புண்கள் இல்லை.

ஆகவே வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். கட்டு மாற்றுபவர் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். எந்தப் புண்ணுக்கும் அதுதான் முறை.

பிறகு ஸ்வாப்பில் என்னதான் வளர்கிறது?

மற்ற நாட்பட்ட புண்களில் வளர்வதே இங்கும் வளர்கிறது. முதலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ரத்தம் கலந்த அகார் என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் வெண்ணெய்த் திவலை போல, சற்றே பொன்னிறமாக உட்கார்ந்திருக்கும். ஒரு துளி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைத்துப் பொங்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா இருந்தால் தட்டைத் திறக்கும்போதே திராட்சைப் பழ வாடை வரும், அகார் பச்சையாகும். கட்டுத் துணியில் தெரியும் பச்சைக் கறையும் அதனுடையதே. புரோட்டியஸ் ஓரிடத்தில் நிற்காது. மாலையில் ஒரு புள்ளியாக வைத்ததை மறுநாள் காலை பார்த்தால், கடற்கரை மணலில் அலை ஏறி இறங்கிய வரிகள் போல, வட்டம் வட்டமாகத் தட்டு முழுக்கப் படர்ந்திருக்கும். மற்றவற்றையெல்லாம் மூடிவிடுவதால் அவற்றைப் பிரித்தெடுக்கப் படாத பாடு படவேண்டும். இவை தவிர கிளெப்சியெல்லா, ஈ. கோலை, என்டரோகாக்கஸ், சங்கிலியாக நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள். ஒரு புண்ணில் ஒன்று மட்டும் தனியாக இருப்பது குறைவு. இரண்டு மூன்று சேர்ந்தே வரும்.

தொழுநோய்க் கிருமி கல்ச்சரில் வரவே வராதா?

வராது. நார்வே மருத்துவர் ஹேன்சன் அதைக் கண்டது 1873-ல். இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க முடியவில்லை. ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். இது இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். 1960-ல் எலியின் பாதத்திலும், பின்னர் அர்மடில்லோ என்ற விலங்கிலும் வளர்த்தார்கள். தொழுநோயைச் சோதிக்க எடுப்பது ஸ்மியர். காது மடல் போன்ற இடத்தில் தோலைச் சிறிதாகக் கீறி, சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றிப் பார்ப்பது. ஸ்மியரும் ஸ்வாப்பும் வேறு வேறு. "ஸ்வாப்பில் தொழுநோய் இல்லைன்னு வந்திருக்கு" என்று யாராவது சொன்னால், அந்த ஸ்வாப் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் பாக்டீரியா பெயரே போட்டிருக்கிறதே, ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதைக் கேட்டு வருபவர் பெரும்பாலும் நிறையப் பணம் செலவழித்த பிறகே வருகிறார்.

திறந்திருக்கும் எந்தப் புண்ணிலும் பாக்டீரியா இருக்கும். மூடியில்லாத பானையில் தூசி விழுவது போல. ஸ்வாப் எடுத்தால் எதாவது வளரும், வளர்ந்ததை நான் எழுதியாக வேண்டும். என் தாள் சொல்வது 'இது அங்கே இருக்கிறது' என்பதை மட்டுமே. அது அங்கே தீங்கு செய்கிறதா என்பதைக் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெறுமனே குடியிருப்பது ஒன்று, திசுவுக்குள் புகுந்து தாக்குவது வேறொன்று. இரண்டாவதற்குத்தான் ஆன்டிபயாட்டிக்.

தாக்குகிறதா என்று மற்ற நோயாளிகளிடம் வலியை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். இங்கே வலி என்ற சாட்சியே இல்லை. அதனால் மற்றவற்றை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு காலைவிட மறு கால் சூடாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். புண்ணைச் சுற்றி வீக்கமும் சிவப்பும் பரவுகிறதா? கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, மினுமினுப்பும் இறுக்கமும்தான் தெரியும். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா? குளிர்காய்ச்சல் உண்டா? நேற்றுவரை இல்லாத வாடை, நேற்றைவிட அதிகமான கசிவு, மரத்த காலில் திடீரென்று வலி, சர்க்கரை உள்ளவருக்குக் காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவது, இவையெல்லாம் சேதி சொல்பவை. இவற்றில் எதுவும் இல்லை, புண் சிவந்து சுத்தமாக இருக்கிறது என்றால், தாளில் எவ்வளவு பயமுறுத்தும் பெயர் இருந்தாலும் ஆன்டிபயாட்டிக் அந்தப் புண்ணை ஆற்றப் போவதில்லை.

ஒரு பாட்டியம்மா நினைவுக்கு வருகிறார். கட்டைவிரலுக்குக் கீழே எட்டணா அளவுப் புண். வேறோர் இடத்தில் பல மாதமாகப் பார்த்திருந்தார்கள். முதல் ஸ்வாப்பில் சூடோமோனாஸ், அதற்குப் பத்து நாள் ஊசி. அடுத்ததில் புரோட்டியஸ், அதற்கு வேறு ஊசி. மூன்றாவதில் கிளெப்சியெல்லா, கையில் இருந்த மருந்துகளில் பாதிக்கு அடங்காதது. ஒவ்வொரு ஊசிக்கும் அவர் நடந்தே போய் வந்திருந்தார். புண் வளர்ந்துகொண்டே இருந்தது. எங்கள் மருத்துவர் காய்ப்பைச் செதுக்கி எடுத்து, எலும்பைச் சோதித்து, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார். கட்டை நடுவில் ஒருமுறை மாற்றினார்கள். ஆறு வாரத்தில் புண் மூடிவிட்டது. "பூச்சி போயிடுச்சாம்மா?" என்று என்னிடம் கேட்டார். கடைசி ஸ்வாப்பிலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்திருந்தது. பூச்சி போகவில்லை, பாரம்தான் போயிருந்தது.

சீழ் கோத்துக் கால் சூடாக இருக்கும்போது மாவுக்கட்டுப் போடக் கூடாது. முதலில் சீழை வெளியேற்றி, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக் கொடுத்து, தாக்குதல் அடங்கிய பிறகுதான்.

ஸ்வாப் எப்படி எடுத்தால் சரியான பதில் கிடைக்கும்?

தப்பாக எடுத்த ஸ்வாப்பை எவ்வளவு நல்ல ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாலும் பலன் இல்லை. கட்டைப் பிரித்ததும் மேலே மிதக்கும் சீழில் குச்சியைத் தோய்த்து அனுப்புவதுதான் வழக்கமான தவறு. அந்தச் சீழில் இருப்பது பழைய கட்டுத் துணியின் வாசிகள். முதலில் காய்ப்பையும் செத்த திசுவையும் அகற்ற வேண்டும். பிறகு வெறும் சலைனால் கழுவ வேண்டும். இந்த நேரத்தில் கிருமிநாசினி ஊற்றினால் குச்சியில் ஒன்றும் வளராது. புண்ணின் அடித்தரையில் ஆரோக்கியமாகத் தெரியும் இடத்தில், சுமார் ஒரு சதுர சென்டிமீட்டரில், உள்ளிருந்து திரவம் கசியும் அளவுக்கு அழுத்திக் குச்சியைச் சில வினாடி சுழற்ற வேண்டும். லெவின் முறை என்று இதைச் சொல்வார்கள். வலியில்லாத கால் என்பதால் இஷ்டத்துக்கு அழுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கீழே திசு கிழியும், நோயாளிக்கு அது தெரியவும் தெரியாது.

இதைவிட நல்லது, அடித்தரையிலிருந்து கடுகளவு திசுவை வெட்டி அனுப்புவது. அதை எடை பார்த்து, அரைத்து, எண்ணலாம். ஒரு கிராம் திசுவில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் தாக்குதலாக எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். ஆனால் எண்ணிக்கை மட்டும் தீர்ப்புச் சொல்லாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீனஸ் கொஞ்சமாக இருந்தாலே ஆபத்து.

எப்படி எடுத்தாலும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேரட்டும், இல்லையேல் அதற்குரிய ஊடகத்தில் வையுங்கள். படிவத்தில் 'புண் ஸ்வாப்' என்று மட்டும் எழுதாமல், எந்தக் கால், எந்த இடம், எத்தனை நாள் புண், என்ன மருந்து சாப்பிட்டார் என்று எழுதுங்கள். அந்த நான்கு சொல் இல்லாத படிவத்தைப் பார்த்தால் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது போல இருக்கும்.

மருந்து கொடுத்தும் பாக்டீரியா போகாமல் இருப்பது ஏன்? பயோஃபிலிம் என்கிறார்களே?

கிணற்றுப் படியில் கால் வைத்தால் வழுக்கும் பாசி போல, பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒரு பிசின் படலத்தை உண்டாக்கி அதற்குள் வாழ்கின்றன. அதுதான் பயோஃபிலிம். தனியாக நீந்தும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தளவு இதற்குள் இருப்பவற்றை ஒன்றும் செய்யாது. உள்ளே இருப்பவை மெதுவாக வளர்வதால், வளரும் கிருமியைத் தாக்கும் மருந்துகளுக்கு அங்கே வேலை குறைவு. நான் தட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் சோதனையும் படலத்தை விட்டுத் தனியே வளர்ந்த பாக்டீரியாவில்தான் நடக்கிறது. அதனால்தான் தாளில் 'அடங்கும்' என்று போட்ட மருந்து காலில் அடக்காமல் போகிறது.

படலத்தை மருந்தால் கரைப்பதைவிடச் சுரண்டி எடுப்பது பலன் தரும். ஆனால் ஓரிரு நாளிலேயே மறுபடி படரத் தொடங்கும். ஆகவே புண்ணைச் செதுக்கிச் சுத்தம் செய்வது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலை. கட்டுப் போடும் அறையில் உட்கார்ந்து பொறுமையாகச் செதுக்குபவரின் கைதான் இதில் பெரிய மருந்து என்று நான் நம்புகிறேன்.

நாற்றம் அடிக்கிறது, ஆனால் கல்ச்சரில் "வளர்ச்சி இல்லை" என்று வருகிறது. எப்படி?

காற்றுப் பட்டால் சாகும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பாக்டீராய்ட்ஸ், பெப்டோஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவை. ஆழமான, செத்த திசு நிறைந்த புண்ணில் இவை செழிக்கும். அழுகல் வாடை பெரும்பாலும் இவற்றின் வேலை. இவற்றை வளர்க்கக் காற்றில்லா ஜாடி வேண்டும், குறைந்தது இரண்டு நாள் திறக்காமல் வைக்க வேண்டும். பல ஆய்வுக்கூடங்களில் அந்த வசதி இல்லை. சாதாரண குச்சியில் வரும்போதே பாதி செத்துவிடும். எனவே 'வளர்ச்சி இல்லை' என்று வந்த தாளைவிட மூக்கை நம்புங்கள்.

டி.என்.ஏ. முறையில் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமா?

அதிகம் தெரியும். எல்லா பாக்டீரியாக்களிலும் 16எஸ் என்ற மரபணு இருக்கிறது. அதை வாசித்தால், தட்டில் வளராதவையும் சேர்த்து எந்தெந்தக் குடும்பம் இருக்கிறது என்று பெரிய பட்டியல் கிடைக்கும். ஆனால் உயிரோடிருப்பதற்கும் செத்ததற்கும் அது வேறுபாடு காட்டாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் அந்த ஒரு மரபணுவிலிருந்து தெரியாது. ஊசி போட வேண்டிய மருத்துவருக்கு இன்றும் தட்டும் மருந்து வில்லைகளும்தான் தேவை. ஆராய்ச்சிக்கு இரண்டும் வேண்டும்.

நான் மைக்ரோபயாலஜி மாணவி. இதில் புராஜெக்ட் செய்ய விரும்புகிறேன். எதை எடுக்கலாம்?

'நூறு புண்களில் இன்ன பாக்டீரியா இத்தனை சதவீதம்' என்று இன்னொரு பட்டியல் மட்டும் செய்யாதீர்கள். அத்தகைய பட்டியல்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அவற்றைப் படித்த பிறகும் ஒரு நோயாளியின் கால் எப்போது ஆறும் என்று யாருக்கும் தெரிவதில்லை.

குறைந்த பேரை எடுங்கள், ஆனால் அவர்களைத் தொடர்ந்து பாருங்கள். ஒரே புண்ணிலிருந்து வாரந்தோறும் மாதிரி எடுத்து, அதே நாளில் புண்ணின் ஓரத்தை ஒளிபுகும் தாளில் வரைந்து பரப்பை அளந்தால், பாக்டீரியா மாறுவதற்கும் புண் சுருங்குவதற்கும் உறவு உண்டா என்று பார்க்கலாம். அதே நபரின் மறு காலில், புண்ணில்லாத தோலிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். அவருடைய தோலில் வழக்கமாக என்ன வாழ்கிறது என்று தெரியாமல், புண்ணில் இருப்பது வந்தேறியா பழைய குடியா என்று சொல்ல முடியாது. காலுக்கு ஓய்வு கிடைத்ததா, என்ன செருப்பு, எலும்பு தெரிந்ததா, கடைசி ஆன்டிபயாட்டிக் எப்போது, இவையும் பதிவில் இருக்கட்டும். இவை இல்லாத புராஜெக்ட்டில் பாக்டீரியா மேல் விழும் பழி பலவும் செருப்பின் மேல் விழ வேண்டியவை.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். ஒப்புதல் படிவத்தை அவருக்குப் புரியும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னாலும் கட்டுப் போடுவது நிற்காது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். இவர்களில் சிலர் இளம் வயதில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்டால் மறுக்கலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றாது. புகைப்படத்தில் பாதம் மட்டும் இருக்கட்டும். கூடவே, மாதிரி எடுத்த கையோடு கிளம்பாமல், அடுத்த முறை போகும்போது போன முறை என்ன வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். அவருடைய கால் அது.

எம்.ஆர்.எஸ்.ஏ. என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெஃபிலோகாக்கஸ் அது. தட்டில் வைக்கும் செஃபாக்சிடின் என்ற ஆன்டிபயாட்டிக் வில்லையைச் சுற்றி வளர்ச்சியில்லாத வட்டம் 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் அப்படி எழுதுவோம். குடியிருப்பதற்கும் தாக்குவதற்கும் உள்ள வேறுபாடு இதற்கும் பொருந்தும். தாக்காத எம்.ஆர்.எஸ்.ஏ.-வுக்காக விலை உயர்ந்த ஊசி தேவையில்லை.

கவனம் வைக்க வேண்டியது அது அடுத்தவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதில்தான். மரத்த கால்களை ஊறவைக்கப் பல இடங்களில் பொதுத் தொட்டியோ பேசினோ வைத்திருப்பார்கள். ஒரே நீரில் நான்கு பேர் கால் வைத்தால் நான்கு புண்ணிலும் ஒரே சூடோமோனாஸ் வரும். ஈரம்தான் அதற்கு வீடு. ஆளுக்கொரு பேசின், ஒவ்வொரு முறையும் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் கை கழுவுவது. செலவில்லாத காரியங்கள் இவை.

புண்ணுக்கு ரிஃபாம்பிசின் கொடுக்கலாமா?

தனியாகக் கொடுக்கவே கூடாது. தொழுநோய்க் கூட்டு மருந்தின் முதுகெலும்பு அது. மாதம் ஒருமுறை 600 மில்லிகிராம், மற்ற மருந்துகளோடு சேர்த்து. தனியாகக் கொடுத்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ் சில நாளிலேயே அதற்குப் பழகிவிடும். கண்டறியப்படாத தொழுநோய் உடம்பில் இருந்தால் அந்தக் கிருமியும் பழகும் அபாயம் உண்டு. அந்த இரண்டாவது இழப்பைச் சரிக்கட்ட மாற்று மருந்துகள் நம்மிடம் அதிகம் இல்லை.

எலும்பு வரை போய்விட்டதா என்று எப்படித் தெரியும்?

நுண்ணுயிரி நீக்கிய மழுங்கிய கம்பியால் புண்ணின் அடியை மெல்லத் தொடும்போது கல்லில் பட்டது போல 'டக்' என்றால் எலும்பு என்று சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். எலும்புத் தொற்றுக்கு மேற்பரப்பு ஸ்வாப்பை நம்பக் கூடாது. எடுத்த எலும்புத் துண்டையே கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். புண்ணில் வளர்வதும் எலும்பில் வளர்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

இருபது வருடப் புண், ஓரம் தடித்துப் பூக்கோசு போல வளர்கிறது. எந்த பாக்டீரியா?

கல்ச்சருக்கு அனுப்பி நாளைக் கடத்தாதீர்கள். நாட்பட்ட புண் புற்றாக மாறுவது உண்டு. ஓரத்திலிருந்து சதை எடுத்துத் திசுச் சோதனைக்கு உடனே அனுப்ப வேண்டும்.

மற்றப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் புண்ணும் இப்படித்தானா?

இல்லை, ஒவ்வொன்றிலும் பாக்டீரியாவின் பங்கு வேறு. கானா, பெனின், ஐவரி கோஸ்ட் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் காணும் புரூலிப் புண்ணில் குற்றவாளி புண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ், தொழுநோய்க் கிருமியின் உறவுக்காரன். மைக்கோலாக்டோன் என்ற நஞ்சைச் சுரந்து கொழுப்புத் திசுவைக் கரைக்கிறது, அதே நஞ்சு வலியையும் மறைக்கிறது. ரிஃபாம்பிசினும் கிளாரித்ரோமைசினும் எட்டு வாரம் சேர்ந்து கொடுத்தால் அடங்கும். நடுவில், உடம்பின் எதிர்ப்பு விழித்துக்கொள்ளும்போது, புண் மோசமாவது போலத் தெரியும். மேலே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ்தான் காரணம் என்று அப்போது தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடும் ஆபத்து அங்கும் உண்டு.

யானைக்கால் நோயில் புழுதான் வீக்கத்துக்குத் தொடக்கம். அடிக்கடி வரும் குளிர்காய்ச்சலுக்கும் கால் சிவப்புக்கும் காரணம், விரல் இடுக்கு வெடிப்பு வழியே புகும் பாக்டீரியாக்கள். தினமும் சோப்புப் போட்டுக் கழுவி இடுக்கை ஈரமில்லாமல் துடைத்தாலே காய்ச்சல் வரும் தடவைகள் குறைகின்றன.

நம் மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு நோயும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பணியாற்றிய மருத்துவர்கள் விவரித்ததால் உலகம் அதை மதுரைக் கால் என்றது. மைசிட்டோமா என்பது இன்றைய பெயர். முள் குத்திய இடத்தில் மண்ணிலிருந்து புகும் பூஞ்சையோ பாக்டீரியாவோ பல வருடம் வளர்ந்து, துளைகள் வழியே சிறு மணிகளை வெளியேற்றும். அங்கே சீழைத் தோய்த்து எடுப்பதில் பயனில்லை. அந்த மணியைப் பிடித்து, கழுவி, நசுக்கி வளர்க்க வேண்டும். பூஞ்சையா பாக்டீரியாவா என்பதில்தான் மருந்தே மாறுகிறது. தொழுநோய்ப் புண்ணில் நான் எழுதும் பெயர் துணைத் தகவல், மைசிட்டோமாவில் அதுவே முழுத் தீர்ப்பு.

சர்க்கரைப் புண்ணும் இதுவும் ஒன்றா?

அண்ணன் தம்பி எனலாம். இரண்டிலும் கால் மரத்துப்போகிறது. சர்க்கரையில் ரத்த ஓட்டமும் பல நேரம் குறைந்திருக்கும். தொழுநோயில் ரத்தக் குழாய் பொதுவாக நன்றாக இருப்பதால், பாரத்தை எடுத்துவிட்டால் புண் நன்றாக ஆறும்.

சர்க்கரைப் புண்ணுக்கு இன்று உலகம் பயன்படுத்தும் வழிகளில் சில நம் பக்கத்துத் தொழுநோயாளிகளிடமிருந்து கற்றவை. பாதத்தோடு ஒட்டிப் போடும் மாவுக்கட்டை 1930-களில் கொழும்பின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டார். 1946-ல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் சதை 'கெட்ட சதை' இல்லை, அடிபடாமல் காத்தால் எல்லோரையும் போலவே ஆறும் என்று காட்டினார். காட்பாடியை அடுத்த கரிகிரி மருத்துவமனையில் அந்த வேலை தொடர்ந்தது. 1960-களில் அவர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது மாவுக்கட்டும் கூடப் போனது. அங்கிருந்துதான் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கு அது பரவியது.

வீட்டில் என்ன செய்யலாம்? மஞ்சள், வேப்பிலை வைக்கலாமா?

புண்ணில் அப்ப வேண்டாம். காய்ந்து பொருக்காகி அடியில் நடப்பதை மறைத்துவிடும். சாம்பல், சாணம், மண் பட்ட இலை எதுவும் கூடவே கூடாது. டெட்டனஸ் வித்து அவற்றில் இருக்கலாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து நல்லது நடக்கிறது என்று தோன்றும். அது புதுச் சதையையும் சுடும். சோப்பும் சுத்தமான நீரும், மேலே சுத்தமான துணியும் போதும். மிச்சமெல்லாம் ஓய்வு.

புண் இல்லாத வறண்ட காலுக்கு, தினமும் இருபது நிமிடம் சாதா நீரில் ஊறல், சொரசொரப்பான கல்லால் காய்ப்பை மெல்லத் தேய்த்தல், ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய். வெந்நீர் வைத்தால் சூட்டை உணர்வுள்ள ஒருவர் தொட்டுப் பார்க்கட்டும். இரவில் காலை மூடிப் படுங்கள். எலி கடித்தும் தெரியாமல் தூங்கியவர்கள் உண்டு.

எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

குளிர்காய்ச்சல், நெறி, காலில் மேலேறும் வீக்கம், கறுப்பாகும் விரல், அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழி போல உணர்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே. நடக்காமல், வண்டியில்.

புண் ஆறிவிட்டது. அடுத்த ஸ்வாப் எப்போது எடுக்க வேண்டும்?

எடுக்க வேண்டாம். எடுக்க இடமும் இல்லை. வரும்போது செருப்பை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, அடியில் ஆணியோ முள்ளோ ஏறியிருக்கிறதா என்று பார்ப்போம். ஆணி ஏறிய அந்தப் பெரியவர் இப்போது ஒவ்வொரு முறை வரும்போதும் வாசலிலேயே செருப்பைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி எனக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.